பள்ளத்தில் இருப்பது

கிர்ர், டக். கிர்ர், டக்.
மரப்படி ஏறும் அந்தச் சத்தத்துக்கு
இப்போது எத்தனை ரசிகர்கள்!
பாய்மரக் கப்பல் முனகுவதுபோல் இருக்குமாம்.
எனக்கு அது
தூக்கத்தில் பல் கடிக்கும் என் புருஷனைத்தான் நினைவூட்டியது.

நான் யூஜினி கிட்டன்ஸ்.
பார்படோஸில் கப்பலேறி வந்தவள்.
லண்டன் மண்ணுக்கு அடியில்
பதினாலு வருஷம் ராத்திரி வேலை.

கடைசி ரயில் போனதும் படிக்கட்டை நிறுத்துவார்கள்.
நின்றுபோன நகரும் படிக்கட்டில்
ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்,
கால் அதை நம்பாது.
முதல் அடியில் ஒரு தடுமாற்றம்,
ஒவ்வொரு இரவும், பதினாலு வருஷமும்.

மேப்பிள் சட்டம், பள்ளம், சட்டம், பள்ளம்.
சுண்டுவிரல் நுழையாத பள்ளம்.
அதற்கென்று ஒரு தூரிகை கொடுத்திருந்தார்கள்,
இரண்டே வாரத்தில் மொட்டையாகிவிடும்.
பிறகு என் கொண்டை ஊசிதான்.

என்ன வரும் என்கிறீர்கள்?
கோட்டுப் பஞ்சு. தலைமயிர், எல்லா நிறத்திலும்.
பாதிப் பயணச்சீட்டு.
சாயம் பூசிய நகம் ஒன்று, முழுசாக.
ஒருமுறை பால்பல்.
ஒருமுறை, ஒடிந்த ஊசிக்குதி.
அந்தப் பெண் எப்படி வீடு போய்ச் சேர்ந்தாளோ என்று
விடியும்வரை அதையே யோசித்தபடி தேய்த்தேன்.
அப்புறம் தீக்குச்சிகள்.
அப்புறமும் தீக்குச்சிகள்.

அதில் பாதி, மிஸ்டர் ஆல்டிஸ் போட்டவை.
கடைசி ரயிலுக்கு முந்தைய ரயிலில் வருவார்.
நான் வாளியோடு மேலே காத்திருப்பேன்.
பாதி ஏறியதும் பைப்பைப் பற்றவைப்பார்,
குச்சியை உதறி,
படிக்கும் பக்கச்சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில்
கடிதத்தைத் தபால்பெட்டியில் சேர்ப்பதுபோல்
பதமாகச் சேர்ப்பார்.
"சார்" என்றேன் ஒருநாள்.
தொப்பியைத் தூக்கினார். நல்ல மனுஷர்.
மறுநாளும் சேர்த்தார்.

படிக்கு அடியில் பஞ்சும் கிரீஸும் கட்டிக் கிடக்கிறது,
என் தூரிகைக்கு எட்டவில்லை
என்று பதிவேட்டில் எழுதினேன்.
கீழே மேற்பார்வையாளர் கையெழுத்திட்டார்.
அடுத்த மாதம் எழுதினேன். கையெழுத்திட்டார்.
அவர் கையெழுத்தும் அழகாகத்தான் இருக்கும்.

வேலையை விட்டுப் பல வருஷம் கழித்து
ஒரு நவம்பர் ராத்திரி,
டோட்டன்ஹாமில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு
ரேடியோவில் கேட்டேன்.
வேறு நிலையம்.
வேறு படிக்கட்டு, வேறு யாரோ பெருக்கியது.
இஸ்திரிப் பெட்டியை
நிமிர்த்தி வைத்துவிட்டு
என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
காலர் கருகியது, வேறு பலகையில் அல்ல, என் கண்ணெதிரில்தான்.
வாசனை வந்த பிறகே கண்டேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
விடிகாலை நாலரைக்கு
மெக்கானிக் படிக்கட்டை ஓட்டிப் பார்ப்பான்.
அப்போது ஒரே ஒருமுறை
வாளியைக் கீழே வைத்துவிட்டு
படியில் உட்கார்ந்தபடியே மேலே போவேன்.
வெண்கல விளக்குகள் ஒவ்வொன்றாய்
என்னைத் தாண்டி இறங்கும்.
மரம் தொடைக்குச் சூடாக இருக்கும்.
அந்த ஒன்றரை நிமிஷம்
இந்த ஊரில் என்னை யாரோ சுமந்தார்கள்.

போன ஞாயிறு, தேவாலயக் கூடத்துச் சந்தையில்
ஒரு மேசைமேல் கண்டேன்:
ஒரு முழப் படித்துண்டு, பித்தளைக் காலில் நிறுத்தி,
மெருகேற்றி, அறுபது பவுண்டு.
"தொட்டுப் பாருங்கள்" என்றார் விற்பவர்,
"எத்தனை லட்சம் பாதங்கள்!"

தொடவில்லை.
தலையிலிருந்து ஊசியை உருவி
மூன்றாவது பள்ளத்தில் விட்டு இழுத்தேன்.
சாம்பல் நிறத்தில் ஒரு திரி வந்தது,
பஞ்சும் மயிரும் திரண்டு.

அவர் முகம் சுருங்கியது.
"நன்றாகச் சுத்தம் செய்தேனே, அம்மா."

"நானும்தான்" என்றேன்.